மூலையில் ஒரு புள்ளி

சுவருக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்யும்போது, பள்ளியில் பாடமாக வைத்த அந்த நாவல் கையில் அகப்படுகிறது. மூட்டைகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கிறேன். பெஞ்சில் எனக்கும் பக்கத்தில் உட்கார்ந்த தோழிக்கும் இந்த ஒரே புத்தகம்தான். ஒட்டடைக்குச்சி என்று வகுப்பே கூப்பிட்ட அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பவள். வலப்பக்கத்தை முடித்ததும் பென்சிலால் அதன் மூலையில் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி விழுமுன் நான் தாளைத் திருப்பினால் தொடையில் கிள்ளு விழும். "பொறுடி, ரயிலா போயிடும்?" கடைசியாகக் காய்ச்சலோடு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனாள். பத்து நாள் கழித்து அவள் அம்மா வந்து புத்தகத்தை மட்டும் கொடுத்தார். பரீட்சைக்குக் கதைச்சுருக்கத்தை உருப்போட்டேனே தவிர, இதைத் தொடவில்லை. நாங்கள் சேர்ந்து படித்தது நூற்றுப்பதின்மூன்றாம் பக்கம் வரை. அதற்கப்புறமும் புள்ளிகள் போகின்றன. படுத்துக்கொண்டே வைத்தவை போல, வரவர வெளிறி, மூலையை விட்டு விலகி. நூற்று முப்பத்தொன்றில் ஒன்று. நூற்று முப்பத்துமூன்றின் கடைசி வரிக்கு வந்துவிட்டேன். மூலை வெறுமையாக இருக்கிறது. மடியில் இருந்த வெயில் சுவரில் ஏறிவிட்டது. தாளின் நுனியைப் பிடித்த விரல் அப்படியே நிற்கிறது. தொடையில் பழைய இடம் சுருக்கென்கிறது. பிரஷ்ஷோடு வாசலில் வந்து நிற்கிறார் கணவர். "இன்னுமா முடிக்கல?"

"நான் முடிச்சுட்டேங்க. அவதான் இன்னும் முடிக்கல."