பேரில்லாத ஆட்டுக்காரி

திரையில் ஆட்டுக்காரி வந்ததும் நர்மதா படத்தை விட்டுவிட்டுப் புருஷன் கௌதமனைப் பார்த்தாள்.

இதற்காகத்தான் அவள் வந்ததே.

கௌதமன் எழுதிய நாவல் படமாகி, சேலத்தில் முதல் நாள் பகல் காட்சி. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிற மனிதர், நிழலுக்கு வரி போடுகிற ராஜ்ஜியம் என்று ஒரு மாயக்கதை எழுதுவார் என யார் கண்டது? அவர்கள் குடியிருந்த அஸ்தம்பட்டியில் தெரிந்தவர்கள் பாதிப்பேர் தியேட்டரில் இருந்தார்கள். நர்மதாவுக்கு ராஜாவும் வேண்டாம், நிழலைத் தொலைத்த இளவரசனும் வேண்டாம். நடுவில் வந்து மறைகிற ஆட்டுக்காரிதான் வேண்டும்.

யார் அவள்?

நாவலில் அவளுக்குப் பேர் கிடையாது, வயதும் கிடையாது. நிழலில்லாத இளவரசனைத் தேடிச் சிப்பாய்கள் வரும்போது தன் ஆடுகளுக்கு நடுவில் அவனை நிறுத்திக்கொள்வாள். அத்தனை ஆட்டின் நிழலுக்குள் அவனுக்கு நிழல் இல்லாதது தெரியாமல் போய்விடும். அவ்வளவுதான் அவள் வேலை.

ஆனால் புத்தகம் முழுக்கக் கணக்குப் போடுவது போல எழுதியிருந்த மனுஷன், அவள் வருகிற இடத்தில் மட்டும் உருகியிருந்தார். அவள் உள்ளங்கையில் இருக்கும் ஆட்டு வாடை வரைக்கும் எழுதியிருந்தார். கட்டிய பெண்டாட்டியின் கை எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியுமா?

அந்த ஆட்டுக்காரி யார் என்று கேட்கவும் செய்தாள். கற்பனை என்றார். மறுபடி கேட்டபோது எரிந்து விழுந்தார். கற்பனைக்கு எதற்கு இத்தனை கோபம்? அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், ஓமலூரில் சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவர், திரும்பியதும் சட்டையைத் தானே அலசிக் காயப்போடுவது எதற்கு?

படத்தில் ஆட்டுக்காரிக்கு இருபது வயது இருக்கும். ஆடு மேய்க்கிறவள் முகத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. குட்டியைக் கொஞ்சுகிற சாக்கில் இளவரசனை ஓரக்கண்ணால் பார்த்தாள், பாட்டு வேறு பாடினாள். புத்தகத்தில் இல்லாத வயதும் அழகும் டைரக்டருக்கு எங்கிருந்து கிடைத்தன? பெண்டாட்டியிடம் மறைத்ததையெல்லாம் அந்த ஆளிடம் சொல்லியிருக்கிறார்.

சிப்பாய்கள் ஏமாந்து போனார்கள். அடுத்தது, இளவரசன் அவளிடம் விடைபெறுகிற இடம். புத்தகத்தில் அவள் அங்கே ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவாள். 'சாமி' என்பாள்.

படத்தில் அவள் இளவரசன் காலடியில் மண்டியிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, கண்ணீர் வழிய "சாமீ" என்றாள். பின்னணியில் கோயில் மணி அடித்தது.

தியேட்டரில் குபீரென்று சிரிப்பு. இந்தப் பக்கத்தில் தொட்டில் பிள்ளையும் சாமிதான், பல் போன கிழவரும் சாமிதான். படமெடுத்த சென்னைக்காரர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஆசையாகக் கூப்பிட்டவளைப் பிடித்து அடிமையாக்கி வைத்திருந்தார்கள்.

கௌதமன் சிரிக்கவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நர்மதாவிடம் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயில் தானாக வந்துவிட்டது.

"அவ கும்புட்டெல்லாஞ் சொல்ல மாட்டா. தலையத் தடவிக்கிட்டேதாஞ் சொல்லுவா."

அகப்பட்டுக்கொண்டார்.

'மாட்டா'வாம், 'சொல்லுவா'வாம். இல்லாத ஒருத்தியைப் பற்றி யாராவது இப்படிப் பேசுவார்களா? அதிலும் 'அவ'! பால் ஊற்ற வருகிற பெண்ணைக்கூட அவங்க, இவங்க என்கிற மனுஷன். ஒரு பெண்பிள்ளை 'அவ' ஆவதற்கு எத்தனை நெருக்கம் வேண்டும்! நர்மதாவுக்கு எழுந்து வெளியே போய்விடலாமா, இங்கேயே சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் மீதி வார்த்தைகள் உறைத்தன.

தலையைத் தடவிக்கிட்டே, சாமி.

எந்தக் காதலி அப்படிக் கூப்பிடுவாள்? நர்மதாவே தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடும்போது அப்படித்தானே சொல்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். கௌதமன் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

இவர் பெண் பார்க்க வந்தது ஒரு சித்தப்பாவோடு. அம்மா எங்கே என்று நர்மதாவின் அப்பா கேட்டதற்கு, என்னைப் பெற்ற அன்றைக்கே இறந்துபோயிட்டாங்க என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நர்மதா, ஐயோ பாவம் என்று அங்கேயே மனசைக் கொடுத்தாள்.

இன்னொருத்தி இல்லை என்று இப்போது அவளால் நிம்மதிப்பட முடியவில்லை. இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் நடத்தினோம் என்றிருந்தது.

குரலைத் தாழ்த்தி, எங்கே இருக்காங்க என்று மட்டும் கேட்டாள். மேச்சேரிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரைச் சொன்னார். இன்னும் ஆடுதான் மேய்க்கிறாளாம்.

"படத்துக்காச்சும் கூப்புட்டிருக்கலாமில்லீங்க?"

கௌதமன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கூப்புட்டேன். 'உம் பொண்டாட்டி என்னை யாருன்னு கேட்டா என்ன சாமி சொல்லுவே, நீ மட்டும் போயிட்டு வா'ன்னுட்டா."