முதல் மிடறு

“அத்தை, சீக்கிரம்! இன்னும் கொஞ்ச நேரத்துல ஆட்டம்!”

மசாகா ஊர்ச் சந்தைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த நமூலி, கூடவே இழுத்து வந்த பிருங்கியை நலுபேகாவின் மருந்துக் கடைப் பலகையில் உட்காரவைத்தாள். இரண்டு பேரும் நெட்பால் உடையில் இருந்தார்கள். இன்று இறுதி ஆட்டம். பந்தை வளையத்தில் போடுகிறவளே பிருங்கிதான். அவளுக்கு இன்றைக்கென்று பார்த்து மாதவலி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

முலுலூசா இலைக் கஷாயம் அடுப்பில் தயாராக இருந்தது. நலுபேகா ஒரு குவளையில் ஊற்றி, ஆற்றி நீட்டினாள்.

“என்ன அத்தை, நீங்க ஒரு வாய் குடிக்கலையா?” என்றாள் நமூலி.

கொடுக்கிறவர் முதல் மிடறு குடித்துக் காட்டாத மருந்தை அந்தச் சந்தையில் யாரும் தொட மாட்டார்கள்.

“இன்னிக்கு வேணாம்டி. நீ குடி, பிருங்கி.”

“ஏன் வேணாம்?”

“கசக்குது.”

“நேத்து வரைக்கும் இனிச்சுதா?”

பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். “இவ புருஷன் யாரு? உங்க எதிர் டீமுக்குக் கோச்! யோசிங்கடி!”

நமூலி குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். வயதுக்கு வந்த நாளிலிருந்து தன் வலியைத் தணித்த கை இது. அதைச் சந்தேகப்படுகிற தன் மனசு அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சந்தேகம் போக மறுத்தது. மைதானத்துப் பக்கம் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“ஒரே வாய் அத்தை. நீங்க குடிச்சா இவ குடிப்பா. இல்லேன்னா கிளம்பறோம்.”

“இப்படியே போனா இவளால நிக்கக்கூட முடியாதுடி!”

“அப்போ குடிங்களேன்!”

நலுபேகா குவளையை உதடு வரை கொண்டுபோனாள். அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

“பாத்தீங்களா!” மீன்காரி எழுந்தே நின்றுவிட்டாள். “அதுல ஒண்ணும் கலக்கலேன்னா எதுக்குப் பயம்? ஒரு பிள்ளை பெக்காதவளுக்கு ஊரார் பிள்ளைங்க வலி எங்கே தெரியப்போகுது!”

எப்போதும் அந்தச் சொல்லுக்குத் தலைகுனிகிற நலுபேகா இன்று நிமிர்ந்து பார்த்தாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. நமூலியின் காதைப் பிடித்து அருகே இழுத்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல, ஆட்டம் முடியட்டும்னு இருந்தேன். வயித்துல பிள்ளை இருக்கறவ இந்தக் கஷாயத்தைக் குடிக்கக் கூடாதுடி!”