தூதர் கீரியின் மூன்று வளைகள்

ஏரிக்கரையில் வளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் மழைக்கு முன்னால் கரைக்கு மண் சுமந்து போட வேண்டும். ஆள் கூப்பிடுகிற வேலை நண்டுக்கு.

பக்கத்துக் காட்டு ராஜாவின் தூதராக வந்திருந்த கீரி மட்டும் அசையவில்லை. "இந்த வளை எங்கள் காட்டைச் சேர்ந்தது. உங்கள் சட்டம் வாசலோடு நின்றுவிடும்" என்றது.

"சரிங்க ஐயா. பக்கத்து வளை?" என்று கேட்டது நண்டு.

"அதில் என் சமையல்காரர் இருக்கிறார். அதுவும் எங்கள் காடுதான்."

"அதுக்கு அடுத்ததுல நம்ம ஊர் முயல்தானே குடியிருக்கு?"

"வாடகை எங்கள் ராஜாவுக்குப் போகிறது. ஆகவே அதுவும் எங்கள் காடுதான்."

ஒரு காடு இத்தனை சுலபமாக வளருமா என்று யோசித்துக்கொண்டே நண்டு போனது.

மழை கொட்டியது. அந்த மூன்று வளைகளுக்கு மேலே, மண் விழாத இடத்தில் கரை உடைந்து தண்ணீர் உள்ளே இறங்கியது. கீரி போட்ட கூச்சலில் நண்டு மண்ணோடு ஓடிவந்தது. வாசலில் நின்றுவிட்டது.

"உள்ளே வரலாங்களா, ஐயா? இது எங்க ஏரி மண்ணாச்சே."

"வாப்பா, வா. இது உங்க ஏரிக்கரைதானே" என்றது கீரி, கழுத்தளவு தண்ணீரில்.