தான்சானியா முத்துராமன்

முத்துராமனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் நிறுத்தினாள் அந்த ஆப்பிரிக்க அம்மாள். அறுபது வயதிருக்கும். அவள் ஒரு காலை எடுத்து வைக்க, இவரும் பதிலுக்கு ஒரு காலை எடுத்து வைக்க, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி திலகவதி இருக்கை நுனிக்கு வந்துவிட்டாள்.

கட்டின பெண்டாட்டிக்கே தெரியாத ஆட்டம். வீட்டில் டிவி பாட்டுக்குக்கூடத் தலையாட்டாத மனுஷன், அடுத்த கிட்டார் எங்கே வரும் என்று தெரிந்து அதற்கு முன்பே தோளைக் குலுக்குகிறார்.

புதுக்கோட்டையில் அன்று திரைப்பட விழாவின் கடைசி நாள். படமெல்லாம் போட்டு முடித்ததும், சாயங்காலம் பழைய ஆப்பிரிக்க இசைக்கு எல்லாரும் ஆடலாம் என்று ஏற்பாடு. ரெக்கார்டுகள் அத்தனையும் முத்துராமனுடையவை. விழா நடத்தும் கல்லூரி ஆசிரியை அருணா, அன்னவாசலுக்கே வந்து பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கிக் கொண்டுபோயிருந்தாள்.

அன்னவாசலில் அவருக்குப் பெயரே தான்சானியா முத்துராமன்தான். அங்கே முந்திரித் தொழிற்சாலையில் வேலை என்று வாலிபத்தில் கிளம்பியபோது மைக் செட் கட்டி, கிடா வெட்டி, மாலை போட்டு ஊரே கூடி, ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் திருச்சிக்கு பஸ் ஏற்றிவிட்டது. கூடப் போனவர்களெல்லாம், பம்பாயில் ஏஜெண்ட் கம்பி நீட்டிவிட்டான் என்று அடுத்த மாதமே திரும்பி வந்தார்கள். ஊர் அவர்களைச் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கமே வரவில்லை. தன் வீட்டுக்காரர் மட்டும் எப்படியோ பிளேன் ஏறிவிட்டார் என்று திலகவதிக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் போய் இரண்டு வருஷத்தில் மகள் சுகுணா காய்ச்சலில் இறந்துபோனாள். மாதாமாதம் பணம் கொண்டுவந்து கொடுக்கும் ஆளிடம் சொல்லியனுப்பியும் பெற்ற அப்பன் வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று பிறகு தகவல் வந்தது. தாத்தாதான் குழியில் மண் அள்ளிப் போட்டார். கடல் தாண்டி இருக்கிறவரை என்ன சொல்ல முடியும் என்று திலகவதி மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்குவதுபோல் இருந்தது. அவரோடு ஆடிய இந்த நீமா தான்சானியாக்காரி. தான் எடுத்த படத்தைக் காட்டுவதற்காக வந்தவள். காலையில் மண்டப வாசலில் முத்துராமனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகத் தன் பாஷையில் என்னென்னவோ பேசினாள். இவர் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அறியாத தெரியாத பொம்பளையைப் பார்த்து எதற்கு அப்படி முகத்தை மறைக்க வேண்டும்?

பெற்ற பிள்ளை செத்துக் கிடந்தபோது இவளோடுதான் இருந்திருக்கிறார். நினைக்க நினைக்கத் திலகவதிக்கு நெஞ்சு எரிந்தது.

பாட்டு முடிந்து, நீமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திலகவதி அருணாவைக் கிட்டத்தில் கூப்பிட்டாள்.

"இந்தம்மாவுக்கு எங்க வீட்டுக்காரரை முன்னாடியே பழக்கமான்னு கேளு. நான் கேட்டதாச் சொல்லாத."

அருணா இங்கிலீஷில் கேட்டாள். நீமா விழுந்து விழுந்து சிரித்தாள். பார்த்ததே இன்றைக்குத்தானாம். தங்கள் ஊரில் இருந்தவர் என்று சொன்னார்களே என்று ஆசையாகப் பேசினால், நல்லா இருக்கீங்களா என்று கேட்டதுகூட அவருக்குப் புரியவில்லையாம். பாட்டையெல்லாம் கரைத்துக் குடித்தவர், பாஷையில் ஒரு சொல்லைக்கூட எப்படிப் பிடிக்காமல் இருந்தார் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியமாம்.

திலகவதிக்கு உயிர் திரும்பி வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடத் தெரியாத மனுஷன் எவளோடு குடும்பம் நடத்தியிருக்க முடியும்? தொழிற்சாலை உண்டு, ரூம் உண்டு என்று கிடந்திருக்கிறார் பாவம். போயும் போயும் அவரை இப்படி நினைத்துவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

முத்துராமன் ஓரமாக நின்று ஒரு ரெக்கார்டைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். திலகவதி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களைத் தப்பா நெனச்சுட்டேங்க. பிள்ளை செத்தப்ப அங்க எவளோடயோ இருந்துக்கிட்டுதான் வரலைன்னு நெனச்சுட்டேன். கடல் தாண்டிக் கெடந்த மனுசன் எப்படி வருவீங்க? என்னைய மன்னிச்சுருங்க."

அடுத்த பாட்டு ஆரம்பித்து, பிள்ளைகள் தான்சானியா தாத்தா என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஏன் மன்னிப்புக் கேக்குற, திலகா," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "பம்பாயில என்னையும்தான் ஏமாத்திட்டான். மாலை போட்டு அனுப்புன ஊருக்குத் திரும்பி வர மூஞ்சி இல்ல. ஒரு பழைய சாமான் கடையில வேலைக்கு இருந்தேன். இந்த ரெக்கார்டெல்லாம் அங்க வந்து கெடந்ததுதான்."

திலகவதி பிடித்திருந்த கையை விட்டாள். பம்பாய் என்றாலும் இரண்டு நாள் ரயில் பயணம்தானே என்று தோன்றியது. பிள்ளையைச் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டு காத்திருந்தது ஞாபகம் வந்தது.

"சுகுணா செத்த அன்னைக்கு பம்பாயிலயா இருந்தீங்க?"

"திருச்சியில."