வெளிநடப்பில் பழகிய கால்கள்

புதிய சபாநாயகரின் முப்பதாண்டுப் பொதுச்சேவையை முதல்வர் உருக்கமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். உயர்ந்த நாற்காலியில், சன்னல் வெயில் வழுக்கையில் மினுங்க, சபாநாயகர் கண்மூடிக் கேட்கிறார். அந்தச் சேவையில் முக்கால்வாசி வெளிநடப்புதான்; இன்று ஒரு மணி நேரமாவது இருந்த இடத்தில் இருப்பாரா என்பதே வீட்டுக்காரம்மாவின் கவலை. எதிர்வரிசையில் ஒருவர், "அநியாயம்" என்று கத்த, பத்துப்பேர் துள்ளி எழுகிறார்கள். பழக்கதோஷம், சபாநாயகரும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார். மேசைக்கடியில் ஒரு கால் செருப்பைத் துழாவுகிறது. முதல்வரும் அந்தப் பத்துப்பேரும் சட்டென்று உட்கார, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. கீழிருந்து செயலாளர் கிசுகிசுக்கிறார்: "ஐயா, நீங்க எழுந்தா எல்லாரும் உக்காரணும், அதான் விதி. தயவுசெஞ்சு கிளம்பிடாதீங்க." முப்பதாண்டு கத்தியும் கிடைக்காத அந்த அமைதியைச் சபாநாயகர் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். "நான் எங்கய்யா போறேன்," என்கிறார். "இப்படியே நின்னுக்கறேன்."