செனோனின் பூட்ஸ்

பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில், அருங்காட்சியகச் சுவரில் ஒரு பழைய படைப்பிரிவுப் படத்தின் மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பொலிவியாவோடு நடந்த சாக்கோ போரில் தன் தாத்தா செனோன் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று ஊர் ஊராக விசாரித்துவந்த எவுலாலியா, கண்ணாடியில் விரல் வைத்து அவரைக் காட்டுகிறாள். பக்கத்தில் அவள் அப்பா ஃபிதென்சியோ, ரப்பர் செருப்போடு, உறிஞ்ச மறந்த தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானக் குவளையோடு நிற்கிறார். வெறுங்காலோடு சண்டை போட்ட படை எங்களுடையது. செனோன் பொலிவியக்காரன் பூட்ஸோடு திரும்பியதால், "எதிரிகிட்ட வெலபோனவன் மகன்" என்றே ஃபிதென்சியோவை ஊர் அழைத்தது. இவர் பூட்ஸையே தொட்டதில்லை.

"மூஞ்சிய விடுங்கப்பா, காலப் பாருங்க. எதிரியோட சாமான் கெடங்கப் புடிச்ச அன்னிக்கு எடுத்த படம்."

வரிசையில் நிற்கும் எல்லார் காலிலும் அதே பொலிவிய பூட்ஸ். குவளையின் குழலில் மெல்ல உறிஞ்சும் சத்தம் கேட்கிறது.

"ஏம்மா, இங்க பூட்ஸ் கடை எங்க இருக்கு?"