அறுநூறு இலக்கப் பூட்டு

பேராசிரியர் ஆதிமூலம் பூட்டை உடைக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூட்டினவரும் அவரேதான் என்பது வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமா?

பத்து மணிக்குக் கடைசி செமஸ்டர் தேர்வு. கேள்வித்தாள் கம்ப்யூட்டருக்குள், அவர் போட்ட சங்கேதப் பூட்டுக்குள் கிடக்கிறது. மணி ஒன்பதே முக்கால்.

“இன்னும் தொறக்கலியா சார்?” பிரின்சிபால் பெரியநாயகி மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தார். “வெள்ளிமலையிலேர்ந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்திருக்குதுங்க பசங்க. பரீட்சை இல்லன்னு திருப்பி அனுப்புனா, அடுத்த மாசம் உங்க ரிட்டயர்மெண்ட்டுக்கு மாலை வராது, மெமோதான் வரும்.”

“சாவி முந்நூறு இலக்கப் பகா எண் மேடம். அத இன்னொரு பகா எண்ணால பெருக்கி, அறுநூறு இலக்க விடைய மட்டும் டைரில எழுதி வெச்சேன்.”

“அப்ப வகுத்துட வேண்டியதுதான?”

“வகுக்கற எண்ண எழுதுன சீட்டு சட்டைப் பையில இருந்துச்சு. வூட்ல சட்டையத் தொவைச்சிட்டாங்க.”

அந்தச் சீட்டு இல்லாமல் டைரி எண்ணை உடைக்கக் கோடி வருஷம் பிடிக்கும் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவரும் அவரேதான். இன்றைக்கு ஒருநாள் அந்தக் கட்டுரை தப்பாக இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

பாதுகாப்பில் மனுஷர் ஒரு குறையும் வைக்கவில்லை. டைப் அடித்த கடையில் நின்று, கண் முன்னாலேயே ஃபைலை அழிக்க வைத்தார். கையால் எழுதின தாளைக் கொல்லையில் கொளுத்திச் சாம்பலையும் கலைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையிலும் புத்தகம் இல்லை. நடக்கப்போவது தெரியாமல் சிரிக்கிறார்களே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

“நானே போய்ச் சொல்லிடறேன் மேடம், தப்பு என்னுதுன்னு.” எழுந்தார்.

வாசலில் அட்டெண்டர் பழனி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“கேள்வித்தாள்தான சார், நேத்து சாயங்காலமே பசங்க ஃபோனுக்கு வந்துடுச்சு, ஜெராக்ஸ் போட்டுக்கினு வரட்டா?”